அநியாயம் செய்பவர் நம்மவராயின்?

ஊருக்குக் குடிதண்ணீர் வராவிட்டால் பள்ளிவாசல் தெருவுக்கும் வருவதில்லை. கோயில் தெருவுக்கும் வருவதில்லை. மாதா கோயில் தெருவுக்கும் வருவதில்லை. ரேஷன் கடையில் எடை குறைந்தால் எல்லார் பையிலும்தான் குறைகிறது. பேசிய கூலியைக் கொடுக்காமல் இழுத்தடிக்கும் முதலாளி, கூலிக்காரன் எந்தத் திசையை நோக்கி வணங்குகிறான் என்று பார்த்து இழுத்தடிப்பதில்லை. ஆகவே இத்தகைய குறைகளைத் தீர்ப்பதற்காக எல்லாச் சமயத்தாரும் சேர்ந்து ஒரு குழு அமைப்பதும், அதற்கு ஜமாஅத்தின் சார்பில் இரண்டு பேரை அனுப்பும்படி கேட்பதும் பல ஊர்களில் நடக்கிறது.

அப்போது நம்மவர்களில் சிலருக்குத் தயக்கம் உண்டாகிறது. "பிற சமயத்தாரோடு ஒரே குழுவில் அமர்ந்து பணியாற்றலாமா? மார்க்கத்தில் இதற்கு இடமுண்டா?" என்று ஆலிம்களிடம் வந்து கேட்கிறார்கள். கேட்பது நல்லதே. ஹலால் ஹராம் பாராமல் எதிலும் காலை வைப்பவனைவிட, கேட்டுவிட்டுக் காலை வைப்பவன் மேலானவன். ஆனால் இக்கேள்விக்குப் பின்னால் இன்னொரு கேள்வி நிற்கிறது. அந்தக் குழு தட்டிக் கேட்க வேண்டிய அநியாயத்தைச் செய்பவர் நம்மவராகவே இருந்துவிட்டால் நாம் என்ன செய்வோம்? இரண்டு கேள்விகளுக்கும் நம் கிதாபுகளில் விடை இருக்கிறது. முதல் விடையை ஆவலோடு வாசிக்கிறோம். இரண்டாவது விடை வரும் பக்கத்தை அவசரமாகப் புரட்டிவிடுகிறோம். அந்தப் பக்கத்தைச் சற்று நிதானமாக வாசிப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

சேர்ந்து உழைப்பது கூடுமா?

முதற் கேள்விக்குச் சுருக்கமாகவே விடை சொல்லிவிடலாம். நன்மையிலும் இறையச்சத்திலும் ஒருவருக்கொருவர் உதவும்படியும், பாவத்திலும் பகைமையிலும் உதவாதிருக்கும்படியும் அல்லாஹ் தஆலா அல்மாயிதா அத்தியாயத்தின் 2-வது வசனத்தில் கட்டளையிடுகிறான். கவனிக்க வேண்டியது என்னவெனில், முஸ்லிம்களைப் புனிதப் பள்ளிக்குச் செல்லவிடாமல் தடுத்த கூட்டத்தாரைப் பற்றிய பேச்சு அதே வசனத்தில் வருகிறது. அவர்கள் மீதுள்ள வெறுப்புக்கூட நம்மை வரம்பு மீறச் செய்துவிடக் கூடாது என்று எச்சரித்த இடத்திலேயே நன்மையில் உதவும்படி சொல்லப்படுகிறது. அல்மும்தஹினா அத்தியாயத்தின் 8-வது வசனமோ, மார்க்கத்தின் பொருட்டு நம்மோடு போரிடாதவர்களுக்கும், நம்மை வீடு வாசல்களிலிருந்து விரட்டாதவர்களுக்கும் உபகாரம் செய்வதையும் நீதி செலுத்துவதையும் அல்லாஹ் தடுக்கவில்லை என்று தெளிவாக்குகிறது.

எல்லையும் இதிலேயே இருக்கிறது. இபாதத் வேறு, முஆமலாத் வேறு. குடிதண்ணீருக்காகவும் கூலிக்காகவும் பேசக் கூடுகிறவர்கள் வணக்கத்தை ஒன்றோடொன்று கலக்க வேண்டிய அவசியமே இல்லை. கூட்டம் யாருடைய பிரார்த்தனையோடு தொடங்குகிறதோ அதில் நாம் கலந்துகொள்ளாமல் மரியாதையாக அமைதி காக்கலாம். தொழுகை நேரம் வந்தால் எழுந்து போய்த் தொழுதுவிட்டு வரலாம். இதை முதல் நாளிலேயே முகமலர்ச்சியுடன் சொல்லிவிட்டால் எவரும் மனம் வருந்துவதில்லை. தன் கொள்கையில் உறுதியாக இருப்பவனைத்தான் பிறரும் நம்புகிறார்கள்.

வெளியூர் வியாபாரியின் கூக்குரல்

இந்த விஷயத்தில் நமக்கு முதல் ஆதாரம் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் இளமைக் காலத்திலேயே கிடைக்கிறது. அப்போது அண்ணலாருக்குச் சுமார் இருபது வயது. நபித்துவம் வழங்கப்படுவதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் முன்பு.

யமன் நாட்டு ஜபீதைச் சேர்ந்த ஒரு வியாபாரி சரக்கோடு மக்காவுக்கு வந்தார். அதை வாங்கியவர் ஆஸ் இப்னு வாயில் என்ற குறைஷிப் பிரமுகர். வாங்கியவர் விலையைக் கொடுக்கவில்லை. வியாபாரி குறைஷிகளில் பல குடும்பத்தாரிடம் சென்று முறையிட்டார். ஆஸுடைய ஸஹ்ம் கோத்திரத்தோடு உடன்படிக்கை செய்திருந்தவர்கள் அவரை அதட்டித் துரத்தினார்கள். வெளியூர்க்காரர், கேட்க நாதியில்லை. மறுநாள் காலை குறைஷிகள் கஅபாவைச் சுற்றி அமர்ந்திருந்த வேளையில் அவர் அபூகுபைஸ் மலைமேல் ஏறி நின்று தமக்கு நேர்ந்த அநியாயத்தை உரத்த குரலில் சொன்னார்.

அக்குரலைக் கேட்டு முதலில் எழுந்தவர் அண்ணலாரின் சிறிய தந்தை ஜுபைர் இப்னு அப்துல் முத்தலிப். ஹாஷிம், முத்தலிப், அஸத், ஜுஹ்ரா, தைம் ஆகிய குடும்பத்தார் அப்துல்லாஹ் இப்னு ஜுத்ஆன் என்பவரின் வீட்டில் கூடினார்கள். மக்காவாசியாயினும் வெளியூர்க்காரராயினும், அநீதி இழைக்கப்பட்டவர் பக்கம் நின்று அவருடைய உரிமையை மீட்டுக் கொடுப்போம் என்று அல்லாஹ்வின் பெயரால் ஒப்பந்தம் செய்தார்கள். பிறகு நேராக ஆஸிடம் சென்று சரக்கை மீட்டு உரியவரிடம் ஒப்படைத்தார்கள். இதுவே ஹில்ஃபுல் ஃபுளூல்.

அங்கே கூடியிருந்தவர்கள் சிலைகளை வணங்கிய காலத்தவர்கள். நபித்துவம் கிடைத்த பின்னரும் அண்ணலார் அதைக் குறை கூறவில்லை. அவ்வொப்பந்தத்தில் கலந்துகொண்ட பாக்கியத்தை, அரபிகள் பெருஞ்செல்வமாகக் கருதிய செந்நிற ஒட்டகங்களுக்குப் பதிலாகவும் விட்டுக்கொடுக்கத் தாம் விரும்பமாட்டோம் என்றும், இஸ்லாத்திலும் அதற்கு அழைக்கப்பட்டால் தாம் வருவோம் என்றும் கூறினார்கள் என ஸீராக் கிரந்தங்களில் காண்கிறோம். சேர்ந்து உழைக்கலாமா என்று கேட்பவருக்கு இது ஒன்றே போதும்.

ஆனால் இச்சம்பவத்தின் மறுபக்கத்தைப் பார்க்கத் தவறிவிடுகிறோம். அநியாயம் செய்தவர் யார்? குறைஷி. தட்டிக் கேட்டவர்கள் யார்? அவர்களும் குறைஷிகளே. யாருக்காக? யமனிலிருந்து வந்த ஒரு வழிப்போக்கருக்காக. அன்றைய அரபு நாட்டில் ஒருவன் செய்தது சரியோ தவறோ, அவனுக்குப் பின்னால் அவன் கோத்திரம் வாளோடு நிற்கும். அந்த வழக்கத்தை முறித்து, தம் சொந்த இனத்துப் பிரமுகருக்கு எதிராக எழுந்து நின்றதுதான் ஹில்ஃபுல் ஃபுளூலின் சிறப்பு. குறைஷிகள் சேர்ந்து ஒரு யமன் நாட்டாரிடமிருந்து தங்கள் பாக்கியை வசூலித்திருந்தால், அது நூற்றில் ஒரு வசூலாகப் போயிருக்கும். நாமும் அதை மறந்திருப்போம்.

பிற்காலத்தில் இந்த ஒப்பந்தத்தை நினைவூட்டியவர் அண்ணலாரின் பேரர் ஹுஸைன் (ரலி) அவர்கள். முஆவியா (ரலி) அவர்களின் ஆட்சியில் மதீனாவின் கவர்னராக இருந்த வலீத் இப்னு உத்பா, ஒரு சொத்து விவகாரத்தில் அதிகாரத்தைக் காட்டி ஹுஸைன் (ரலி) அவர்களின் உரிமையை மறுத்தார். நீதி கிடைக்காவிட்டால் வாளேந்திப் பள்ளிவாசலில் நின்று ஹில்ஃபுல் ஃபுளூலின் பெயரால் அழைப்பேன் என்றார்கள் ஹுஸைன் (ரலி). அச்செய்தி பரவியதும் அப்துல்லாஹ் இப்னு ஜுபைர் (ரலி), மிஸ்வர் இப்னு மக்ரமா (ரலி) போன்றோர் தாமும் வந்து நிற்பதாகச் சொன்னார்கள். கவர்னர் இறங்கிவந்து உரிமையைக் கொடுத்தார். இங்கே கவர்னரும் முஸ்லிம்; எதிர்த்து நின்றவர்களும் முஸ்லிம்கள். இஸ்லாத்துக்கு முந்திய ஓர் ஒப்பந்தத்தின் பெயரால், அநீதி செய்த ஒரு முஸ்லிம் அதிகாரி தடுக்கப்பட்டார். அவ்வொப்பந்தத்தை ஸஹாபாக்கள் எப்படிப் புரிந்துகொண்டிருந்தார்கள் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

நமக்காக எழுந்த ஐவர்

பிறர் தம் இனத்தாரை எதிர்த்து நமக்காக நின்ற வரலாறும் உண்டு. ஹாஷிம் குடும்பத்தாரோடு திருமண உறவும் கொடுக்கல் வாங்கலும் கூடாதென்று குறைஷிகள் ஒப்பந்தம் எழுதிக் கஅபாவுக்குள் தொங்கவிட்டார்கள். ஷிஅபு அபீதாலிப் பள்ளத்தாக்கில் சிறுவர்கள் பசியால் அழும் குரல் வெளியே கேட்கும் அளவுக்கு நிலைமை முற்றியது. ஏறத்தாழ மூன்றாண்டுகள் நீடித்த அந்தக் கொடுமையை முறித்தவர்கள் ஐந்து பேர்: ஹிஷாம் இப்னு அம்ரு, ஜுஹைர் இப்னு அபீஉமையா, முத்இம் இப்னு அதீ, அபுல் பக்தரீ, ஜம்ஆ இப்னு அல்அஸ்வத். அப்போது இவர்களில் ஒருவரும் முஸ்லிம் அல்லர். இரவில் கலந்து பேசி, காலையில் தம் இனத்தார் கூடிய சபையிலேயே அவ்வொப்பந்தத்தை எதிர்த்து எழுந்தார்கள்.

இவர்களில் முத்இம் முஸ்லிமாகாமலேயே மரணமடைந்தார். பத்ருப் போரின் கைதிகளைப் பற்றிப் பேசும்போது, முத்இம் உயிரோடிருந்து இவர்களுக்காகப் பரிந்து பேசியிருந்தால் அவருக்காக இவர்களை விட்டிருப்பேன் என்று அண்ணலார் கூறியது புகாரி ஷரீபில் பதிவாகியிருக்கிறது. தம் இனத்தை எதிர்த்து நமக்காக நின்ற ஒருவரின் நன்றியை அண்ணலார் எவ்வளவு காலம் நெஞ்சில் வைத்திருந்தார்கள் பாருங்கள். பிறர் நமக்காக அப்படி நிற்க வேண்டும் என்று நாமும் எதிர்பார்க்கிறோம். நாம் பிறருக்காக அப்படி நிற்கிறோமா என்பதே கேள்வி.

அன்னிஸா அத்தியாயத்தின் 105-வது வசனத்திலிருந்து வரும் சில வசனங்கள் இறங்கிய காரணத்தைத் தஃப்ஸீர்கள் பலவாறு அறிவிக்கின்றன. அவற்றுள் பலரும் எடுத்துச் சொல்லும் ஓர் அறிவிப்பு இது: மதீனாவில் முஸ்லிமாகக் கருதப்பட்ட ஒருவர் கவசம் ஒன்றைத் திருடி, பழி ஒரு யூதர்மேல் விழும்படி செய்துவிட்டார். அவருடைய குடும்பத்தார் திரண்டு வந்து, நம்மவரைக் காப்பாற்றுங்கள் என்று அண்ணலாரிடம் வாதாடினார்கள். அப்போது மோசடிக்காரர்களுக்காக வாதாடக் கூடாது என்ற கட்டளை இறங்கியது. யூதர் நிரபராதி என்பது வெளியாயிற்று. மதீனாவின் யூதர்களோடு உறவு சீராக இல்லாத காலத்தில், கியாமத் நாள் வரை ஓதப்படும் வேதத்தில், நம்மவர் என்று வாதாடிய வாய் அடைக்கப்பட்டது.

கிழக்கு லண்டனில் நடந்தது

இதெல்லாம் ஸலஃபுகளின் காலத்தோடு முடிந்த கதை என்று எவரும் நினைத்துவிட வேண்டாம். முஸ்லிம்கள் சிறுபான்மையாக, பெரும்பாலும் ஏழைத் தொழிலாளர்களாக வாழும் ஒரு நகரத்தில் நம் காலத்தில் நடந்ததைப் பார்ப்போம்.

லண்டன் மாநகரின் கிழக்குப் பகுதியில் 1996-ஆம் ஆண்டு டெல்கோ என்றொரு அமைப்பு தோன்றியது. கத்தோலிக்க, ஆங்கிலிக்கன் தேவாலயங்கள், பள்ளிவாசல்கள், பள்ளிக்கூடங்கள், தொழிற்சங்கக் கிளைகள் ஆகியவை அதில் அங்கம் வகித்தன. ஒயிட்சேப்பல் சாலையிலுள்ள கிழக்கு லண்டன் பள்ளிவாசலும் அதில் ஒன்று. எவரும் தம் வணக்கத்தை விட்டுக்கொடுக்கவில்லை. எவருடைய கொள்கையைப் பற்றியும் அங்கே விவாதம் இல்லை. உங்கள் தெருவில், உங்கள் வீட்டில் என்ன கஷ்டம் என்று ஒருவரையொருவர் விசாரிப்பதே அவர்களின் முதல் வேலை.

அப்படி விசாரித்தபோது எல்லாச் சமயத்தார் வீட்டிலும் ஒரே குறை வெளிப்பட்டது. சட்டம் விதித்த குறைந்தபட்சக் கூலியை வாங்கிக் குடும்பம் நடத்த முடியவில்லை. ஆகவே தாய்தந்தையர் இரண்டு வேலை பார்க்கிறார்கள். பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க நேரமில்லை. பழைய துறைமுகம் இருந்த கேனரி வார்ஃபில் வானளாவிய வங்கிக் கட்டடங்கள் நிற்கின்றன. இரவில் அவற்றைத் துடைத்துக் கூட்டுகிறவர்கள் பக்கத்துத் தெருக்களில் நெருக்கடியான வீடுகளில் வசிக்கிறார்கள். வங்கியைக் கேட்டால், அவர்கள் எங்கள் ஆட்கள் அல்லர், ஒப்பந்தக்காரருடைய ஆட்கள் என்பார்கள். ஒப்பந்தக்காரரைக் கேட்டால், வங்கி கொடுப்பது இவ்வளவுதான் என்பார். இருவருக்கும் நடுவில் கூலி தேய்ந்துபோனது.

அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் தேவாலயங்கள் சேர்ந்து நடத்திய முயற்சியால், நகராட்சியின் ஒப்பந்த வேலைகளுக்கு 1994-இல் வாழ்வூதியச் சட்டம் வந்திருந்தது. அந்த அனுபவத்தை வைத்து 2001-இல் டெல்கோ வாழ்வூதிய இயக்கத்தைத் தொடங்கியது. 2003-இல் ஒரு பெரிய வங்கியின் பங்குதாரர் கூட்டத்தில், இரவில் அவ்வங்கியின் அலுவலகத்தைத் துப்புரவு செய்யும் தொழிலாளி ஒருவரே எழுந்து நின்று அதன் தலைவரிடம் நேருக்கு நேர் தம் நிலைமையைச் சொன்னார். அபூகுபைஸ் மலைமேல் ஏறிய வியாபாரி நினைவுக்கு வருகிறாரல்லவா? நாளடைவில் அந்த வங்கியும் வேறு பல நிறுவனங்களும் கூலியை உயர்த்த இணங்கின. 2005-இல் லண்டன் மேயரின் அலுவலகமே வாழ்வூதியத்தைக் கணக்கிட்டு மணிக்கு 6 பவுன் 70 பென்ஸ் என்று வெளியிட்டது. அப்போது சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி 4 பவுன் 85 பென்ஸ்தான். இன்று அந்த வாழ்வூதியத்தைத் தாமாக ஏற்றுக்கொண்ட முதலாளிகள் பிரிட்டன் முழுவதும் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள்.

நம்மவர்களுக்கும் பலன் கிடைத்தது. கிழக்கு லண்டன் பள்ளிவாசலை ஒட்டிய நிலம் கட்டட வியாபாரிகளின் கைக்குப் போகவிருந்தபோது, அது பள்ளிவாசலுக்குக் கிடைக்க வேண்டுமென்று டெல்கோவின் பிற சமயத்தாரும் சேர்ந்து குரல் கொடுத்தார்கள். அந்த இடத்தில்தான் 2004-இல் லண்டன் முஸ்லிம் சென்டர் திறக்கப்பட்டது.

இத்தோடு நிறுத்திவிட்டால் இது ஒரு கொடுக்கல் வாங்கல் கதையாகிவிடும். எங்கள் நிலத்துக்கு நீங்கள் வந்தீர்கள், உங்கள் கூலிக்கு நாங்கள் வருகிறோம் என்பது நல்ல அண்டைவீட்டு வழக்கம். அதில் குற்றமில்லை. ஆனால் அந்த இயக்கத்தின் உண்மையான சோதனை வேறோர் இடத்தில் வந்தது. அடிமட்டக் கூலியைப் பற்றி ஆராய்ந்து கணக்கெடுக்க அவர்களுக்கு உதவியவர்கள் கிழக்கு லண்டனின் குவீன் மேரி கல்லூரி ஆசிரியர்கள். வங்கிகளைக் கேட்ட கேள்வி அக்கல்லூரியின் மீதே திரும்பியது: உங்கள் வகுப்பறையைக் கூட்டுகிறவருக்கு நீங்கள் என்ன கொடுக்கிறீர்கள்? 2006-இல் அக்கல்லூரி தன் துப்புரவாளர்களுக்கு வாழ்வூதியம் கொடுக்க முன்வந்தது. பிறரைக் கேட்ட கேள்வி தன் வாசலுக்கு வந்தபோது கதவைச் சாத்திக்கொள்ளாததால்தான் அந்த இயக்கத்தின் பேச்சுக்கு மதிப்பு நிலைத்தது.

கேள்வி நம் வாசலுக்கு வரும்போது

இப்போது நம் ஊருக்கு வருவோம். வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை வட்டாரத்தில் தோல் பதனிடும் தொழில் பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது. அத்தொழிலில் பல சமயத்தாரும் இருக்கிறார்கள் என்றாலும், நம் சமுதாயத்தவர் தலைமுறை தலைமுறையாக அதில் முன்னணியில் இருப்பதை எவரும் அறிவர். அந்த வருமானத்திலிருந்து மதரஸாக்களும் கல்லூரிகளும் வளர்ந்திருக்கின்றன. ஆலிம்களில் பலர் அச்செல்வந்தர்களின் ஸதக்காவில் ஓதிப் பட்டம் பெற்றவர்கள். அல்லாஹ் அவர்களின் நற்செயல்களைக் கபூல் செய்வானாக.

ஆனால் அதே தொழிலின் கழிவுநீர் பாலாற்றிலும் வயல்களிலும் கிணறுகளிலும் சேர்ந்ததும் உண்மை. வேலூர்க் குடிமக்களின் நல அமைப்பு ஒன்று தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தோல் தொழிற்சாலைகள் உள்ள பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விவசாய நிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிருக்கு உதவாமற் போயிற்று என்ற ஆய்வை அத்தீர்ப்பு எடுத்துக் காட்டியது. மாசுபடுத்தியவரே நஷ்டஈடு கொடுக்க வேண்டும் என்றது. ஆலைக்கு 10,000 ரூபாய் அபராதமும் விதித்தது. பல ஆலைகள் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் சேர்ந்து பணம் செலவிட்டன என்பதையும் நியாயமாகச் சொல்லத்தான் வேண்டும். இருந்தும் 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் பாலாற்று மாசு பற்றி மறுபடியும் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டையில் கழிவுத் தொட்டியின் சுவர் உடைந்து, பக்கத்தில் உறங்கிக்கொண்டிருந்த 10 பேர் மாண்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் மேற்கு வங்காளத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள். ஜபீதிலிருந்து வந்தவரைப் போல அவர்களும் வெளியூர்க்காரர்கள்.

உப்பேறிய கிணற்றின் சொந்தக்காரன் ஒரு கவுண்டராக இருக்கலாம். ஒரு தாழ்த்தப்பட்ட சகோதரராக இருக்கலாம். நம் ஜமாஅத்தைச் சேர்ந்தவராகவும் இருக்கலாம். தண்ணீரில் மக்கள் எல்லாரும் பங்காளிகள் என்று அண்ணலார் அறிவித்திருக்கிறார்கள். பிறருக்குத் தீங்கு செய்வதும் கூடாது, தீங்குக்குத் தீங்கு செய்வதும் கூடாது என்ற ஹதீஸை நம் ஃபுகஹாக்கள் ஓர் அடிப்படை விதியாகவே வைத்திருக்கிறார்கள். அப்படியிருக்க, அந்த வட்டாரத்தில் தண்ணீருக்காக எல்லாச் சமயத்தாரும் கூடும் குழுவில் நம் ஜமாஅத்தின் நாற்காலி காலியாக இருந்தால், நாம் யார் பக்கம் என்று அந்த நாற்காலியே சொல்லிவிடும்.

பெரிய முதலாளிகளைப் பற்றிப் பேசுவது சுலபம் என்று நினைக்க வேண்டாம். கேள்வி இன்னும் கிட்டே வருகிறது. ஐந்து வேளையும் பாங்கு சொல்லி, ஹவுளைக் கழுவி, பாயை உதறி விரித்து, பள்ளிவாசலிலேயே கிடக்கும் மோதினாருக்கு நம் மஹல்லாக்கள் என்ன கொடுக்கின்றன? மினாராவுக்கு லட்சக்கணக்கில் வசூலிக்க முடிகிற ஊரில், மோதினாரின் சம்பளத்தில் ஐந்நூறு ரூபாய் கூட்டுவதற்கு மூன்று கூட்டம் நடக்கிறது. நம் கடைகளில் காலை முதல் இரவு வரை நிற்கும் சிறுபையனுக்கும், நம் வீடுகளில் பாத்திரம் தேய்க்கும் அம்மாவுக்கும் கொடுப்பது அவர்கள் வயிற்றுக்குப் போதுமா? வேலையை முழுமையாக வாங்கிக்கொண்டு கூலியைக் கொடுக்காதவனுக்கு எதிராக மறுமையில் தானே வாதியாக நிற்பதாக அல்லாஹ் சொல்வதை ஹதீஸ் குத்ஸியில் ஓதுகிறோம். அங்கே எதிர்த்தரப்பில் நிற்கப் போகிறவர் எந்தச் சமயத்தவர் என்ற நிபந்தனை எதுவும் இல்லை.

சில ஆட்சேபனைகள்

இதற்கு எதிராக மூன்று வாதங்கள் சொல்லப்படுகின்றன. மூன்றிலும் ஓரளவு நியாயம் இருப்பதால் ஒதுக்கிவிட முடியாது.

முதலாவது: நம் சகோதரனின் குறையை மறைக்கும்படி மார்க்கம் சொல்கிறதே, அதைச் சபையில் எப்படிப் பேசுவது? மறைக்க வேண்டியது அவனுக்கும் அல்லாஹ்வுக்கும் இடையிலுள்ள குறையை. பிறருடைய கிணற்றையும் கூலியையும் பாதிக்கும் அநியாயம் அந்த வகையில் சேராது. புறம் பேசுவது எந்தெந்த இடத்தில் ஆகும் என்று இமாம் நவவி (ரஹ்) அவர்கள் ஆறு இடங்களை எண்ணிச் சொல்லும்போது, அநீதி இழைக்கப்பட்டவன் முறையிடுவதை முதலாவதாக வைத்தார்கள்.

இரண்டாவது: நாமோ சிறுபான்மை. நம் குற்றத்தை நாமே ஒப்புக்கொண்டால் நம்மைத் தூற்றக் காத்திருப்பவர்கள் அதைக் கொடியாக்கி ஏந்துவார்களே? இந்த அச்சம் கற்பனையன்று. ஒருவர் செய்த தவற்றைச் சமுதாயத்தின் தலையில் கட்டுவோர் இருக்கத்தான் செய்கிறார்கள். ஆனால் நாம் மூடி மறைப்பதால் அவர்கள் வாய் மூடிவிடுகிறதா? தனி ஒருவரின் அநியாயத்தைச் சமுதாயமே கட்டிக் காக்கிறது என்று சொல்ல அவர்களுக்கு நாமே சாட்சியம் எழுதிக் கொடுக்கிறோம். மேலும், நமக்கும் தாய்தந்தையருக்கும் உறவினருக்கும் எதிராக இருந்தாலும் அல்லாஹ்வுக்காகச் சாட்சி சொல்லும்படி அன்னிஸா அத்தியாயத்தின் 135-வது வசனம் கட்டளையிடுகிறது. நாம் பலமாக இருக்கும்போது மட்டும் என்று அதில் விதிவிலக்கு இல்லை.

தன் கூட்டத்தாரை நேசிப்பது அஸபிய்யத்தா என்று கேட்கப்பட்டபோது அண்ணலார் தந்த விளக்கம் இங்கே பொருந்தும். நேசிப்பது அஸபிய்யத் ஆகாது. அநியாயத்தில் தன் கூட்டத்தாருக்குத் துணை போவதே அஸபிய்யத் என்று விளக்கினார்கள். அநியாயம் செய்யும் சகோதரனுக்கும் உதவ வேண்டும் என்று சொன்னபோது ஸஹாபாக்கள் திகைத்து, அவனுக்கு எப்படி உதவுவது என்று கேட்டார்கள். அவனுடைய கையைத் தடுப்பதே அவனுக்குச் செய்யும் உதவி என்று விடை கிடைத்தது. ஆகவே நம்மவரின் அநியாயத்தைத் தடுப்பது அவரைக் காட்டிக் கொடுப்பதாகாது. கியாமத் நாளின் பாரத்திலிருந்து அவரை இறக்கிவிடுவதாகும்.

மூன்றாவது: மற்றவர்கள் தங்கள் ஆட்களை இப்படித் தட்டிக் கேட்கிறார்களா? நாம் மட்டும் ஏன்? இதற்குப் பதில் எளிது. ஜுபைர் இப்னு அப்துல் முத்தலிப் எழுந்தபோது, யமன் நாட்டார் முதலில் எழட்டும் என்று காத்திருக்கவில்லை. ஆயினும் இந்த வாதத்திலிருந்து நல்லதொரு ஏற்பாட்டை எடுத்துக்கொள்ளலாம். குழு தொடங்கும் நாளிலேயே, தவறு செய்பவர் எவருடைய ஆளாக இருந்தாலும் கேட்போம் என்பதை எல்லாரும் ஒப்புக்கொண்டு எழுதி வைத்துக்கொள்ளலாம். அதை எழுத மறுக்கும் குழுவில் சேராமலிருப்பதே மேல். அநியாயக்காரனின் பெயரைப் பார்த்துவிட்டுத்தான் வாய் திறப்போம் என்பவர்களிடம் அநீதி இழைக்கப்பட்டவர் போய் என்ன பெறுவார்?

எப்படிச் செய்வது?

நம்மவரைத் தட்டிக் கேட்பதற்கும் ஒரு முறையுண்டு. முதலில் அவருடைய வீட்டு வாசலுக்குத் தனியே போக வேண்டும். உண்மை என்னவென்று அவர் வாயாலும் கேட்க வேண்டும். கேள்விப்பட்டதை விசாரியாமல் பேசுவது மார்க்கத்தில் குற்றம். பெரியவராயின் பணிவோடும், உபகாரியாயின் அவருடைய உபகாரத்தை மறக்காமலும் சொல்ல வேண்டும். கேட்காவிட்டால் ஜமாஅத்தின் மூலம் பேச வேண்டும். அதற்கும் இணங்காவிட்டால், பாதிக்கப்பட்டவர்கள் முறையிடும் குழுவில் நாமும் அவர்களோடு நிற்க வேண்டும். வசை மொழியும் வன்செயலும் இன்றி, சட்டத்தின் எல்லைக்குள் நிற்க வேண்டும். அரசியல் கட்சிகளின் வாக்கு வேட்டைக்கு அக்குழுவைக் கருவியாக்கவும் விடக்கூடாது.

ஜமாஅத்தின் சார்பில் குழுவுக்கு அனுப்பப்படுபவர் கடன்பட்டவராகவோ, யாருக்கும் முகம் பார்த்து நடக்க வேண்டியவராகவோ இருந்தால் அவரால் பேச முடியாது. உள்ளதைச் சொல்லும் நெஞ்சுரமும், பிறர் சொல்வதைக் கேட்கும் பொறுமையும் உள்ளவரைத் தேர்ந்தெடுங்கள். அவர் போவதற்கு முன்பே ஜமாஅத் தன் சொந்தக் கணக்கைப் பார்த்துக்கொள்வது முறை. நம் பள்ளிவாசலில் வேலை செய்கிறவருக்கு நியாயமான கூலி போய்ச் சேருகிறதா? வக்ஃபுக் கடைகளின் வாடகை ஒழுங்காக வருகிறதா? நம் பள்ளிவாசலின் ஹவுள் தண்ணீர் எந்தத் தெருவில் தேங்கி நிற்கிறது? இவற்றைச் சரிசெய்துவிட்டுப் போகிறவர் பேசும்போது சபை காது கொடுக்கும்.

ஆலிம்களுக்கும் இதில் பங்குண்டு. வட்டியையும் சூதையும் பற்றி ஜும்ஆ பயானில் பேசுகிறோம். முதல் வரிசையில் அமர்ந்திருக்கும் செல்வந்தரின் ஆலையைப் பற்றியோ கடையைப் பற்றியோ நேரம் வரும்போது தனியே போய்ச் சொல்லும் பொறுப்பும் நம்முடையதுதான். அவருடைய சோற்றை உண்டவர்கள் அவருக்குக் காட்ட வேண்டிய நன்றி அதுவே.

அநீதி இழைக்கப்பட்டவனின் துஆவுக்கும் அல்லாஹ்வுக்கும் இடையில் திரையில்லை என்று முஆத் (ரலி) அவர்களை யமனுக்கு அனுப்பும்போது அண்ணலார் எச்சரித்து அனுப்பினார்கள். அப்படி முறையிடுகிறவன் முஸ்லிமல்லாதவனாயினும் அந்த முறையீட்டுக்குத் திரையில்லை என்று வேறோர் அறிவிப்பும் இருக்கிறது. பாலாற்றங்கரையில் ஒரு விவசாயி உப்பேறிய மண்ணைக் கையில் எடுத்துக்கொண்டு பெருமூச்சு விடும்போதும், கூலி கிடைக்காத ஒரு தாய் வெறுங்கையோடு வீடு திரும்பும்போதும், அந்த முறையீட்டில் எவருடைய பெயர் இருக்கிறது என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

யா அல்லாஹ்! அநியாயம் செய்வதிலிருந்தும், அநியாயத்துக்குத் துணை போவதிலிருந்தும், அதைக் கண்டும் வாய் மூடியிருப்பதிலிருந்தும் எங்களைப் பாதுகாப்பாயாக. எங்களுக்கே பாதகமாக இருந்தாலும் உண்மைக்குச் சாட்சி சொல்லும் ஈமானிய பலத்தை எங்களுக்குத் தந்தருள்வாயாக. எங்கள் கையால் உரிமை இழந்தவர்களுக்கு, இந்த உலகிலேயே அதைத் திருப்பிக் கொடுக்கும் தவ்ஃபீக்கைச் செய்வாயாக. ஆமீன்.